பழைய பாணி வால்வு கிட்டார் ஆம்ப்: கிட் பெட்டியைத் திறப்பதிலிருந்து தொனியைச் சீராக்குவது வரை

1950-களின் பிற்பகுதியில் ஃபெண்டர் நிறுவனம் செய்து விற்ற சேம்ப் ஆம்ப்பின் (கிட்டார் ஒலிபெருக்கி) 5எஃப்1 என்ற சர்க்யூட் வரைபடம் ஒரே தாளில் அடங்கிவிடும். ஒரு டஜன் ரெசிஸ்டர், அரை டஜன் கெபாசிட்டர், இரண்டு டிரான்ஸ்ஃபார்மர், மூன்று வால்வு (வெற்றிடக் கண்ணாடிக் குழாய்). அவ்வளவுதான். இவ்வளவு சிறிய சர்க்யூட்டில் ஒவ்வொரு பாகமும் காதுக்கு எட்டும். ஒரு கெபாசிட்டரை மாற்றினால் கிட்டாரின் ஆறாவது தந்தி வேறு மாதிரி பேசும். கம்பி ஒன்றைக் கொஞ்சம் தள்ளி வைத்தால் இரைச்சல் குறையும்.

அதனால் பாகங்களைக் கிட்டாக வாங்கி ஆம்ப்பை நாமே கட்டும் இந்த வேலைக்கு ஒரு ஒழுங்கு வேண்டும். முதலில் வரைபடத்தில் இருப்பதை அப்படியே கட்ட வேண்டும். பிறகு மீட்டர் வைத்து அளக்க வேண்டும். அளவுகள் சரி என்று உறுதியான பிறகுதான் காதை நம்பி மாற்றங்களில் இறங்க வேண்டும். கட்டும்போதே நாலைந்து மாற்றங்களைச் சேர்த்துச் செய்துவிட்டு, ஆம்ப் ஊளையிடும்போது எது காரணம் என்று தெரியாமல் நிற்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். இந்த வழிகாட்டி முழுவதும் அந்த வரிசையில்தான் போகும்.

எந்தக் கிட்டில் தொடங்குவது

முதல் ஆம்ப்புக்கு 5எஃப்1 வகையையே சொல்வேன். கிட்டார் சிக்னலை முதலில் பெருக்கும் 12ஏஎக்ஸ்7 பிரீஆம்ப் வால்வு ஒன்று, ஸ்பீக்கரை இயக்கும் 6வி6 பவர் வால்வு ஒன்று, மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கும் 5ஒய்3 ரெக்டிஃபையர் ஒன்று. கிடைப்பது ஏறக்குறைய 5 வாட். "ஐந்து வாட் போதுமா?" என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு: 5 வாட்டுக்கும் 50 வாட்டுக்கும் உள்ள வித்தியாசம் 10 டெசிபல். காதுக்கு அது சுமார் இரண்டு மடங்கு சத்தம், பத்து மடங்கு இல்லை. வீட்டு அறையில் 5 வாட் ஆம்ப்பின் வால்யூமை முழுக்கத் திறக்கவே பல பேருக்கு முடியாது.

அடுத்த படி 5இ3 டீலக்ஸ் வகை. இரண்டு 6வி6, அவை மாறி மாறி உழைக்கும் புஷ்-புல் அமைப்பு, டோன் குமிழ், இரண்டு சேனல் என்று வேலை கூடும். அழகான ஆம்ப்தான், ஆனால் இரண்டாவதாகக் கட்டுங்கள். மார்ஷல் ஜேடிஎம்45 போன்ற பெரியவை அதற்கும் பிறகு. அதுவும் 1962-இல் ஃபெண்டரின் 5எஃப்6-ஏ பாஸ்மேனைப் பார்த்துப் பிறந்ததுதான். சின்ன ஃபெண்டரில் கற்றது அங்கேயும் கைகொடுக்கும்.

வாங்கும்போது ஒன்றை மட்டும் உறுதி செய்யுங்கள்: பவர் டிரான்ஸ்ஃபார்மரின் பிரைமரி (மெயின்ஸ் பக்கச் சுற்று) உங்கள் வீட்டு மின்னழுத்தத்துக்குப் பொருந்த வேண்டும். 220 வோல்ட்டுக்குச் சுற்றியதை 240-இல் செருகினால் உள்ளே எல்லாமே 9 சதவீதம் ஏறிவிடும். வால்வை உள்ளே சூடாக்கும் 6.3 வோல்ட் ஹீட்டர் 6.9-ஐத் தொடும். 220, 230, 240 என்று தனித்தனி முனைகள் உள்ள டிரான்ஸ்ஃபார்மர் கிடைத்தால் நல்லது.

சால்டரிங் அயர்னைத் தொடும் முன்

இந்தப் பெட்டிக்குள் 300 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் ஓடும். அது ஆளைக் கொல்லும். பிளக்கைப் பிடுங்கிய பிறகும், நேர்மின்சாரத்தைச் சீராக்கும் ஃபில்டர் கெபாசிட்டர்களில் அந்த மின்சாரம் தங்கியிருக்கலாம். சுவிட்சை அணைத்துவிட்டோம் என்ற நினைப்பில் கையை விட்டால் அடி வாங்குவது உறுதி.

பழக்கமாக்கிக்கொள்ள வேண்டியவை இவை. பிளக்கைப் பிடுங்குங்கள், அணைத்தால் மட்டும் போதாது. மீட்டரின் கருப்பு முனையைச் சேஸிஸில் (ஆம்ப்பின் உலோகச் சட்டம்) கவ்வ வைத்து, சிவப்பு முனையால் முதல் ஃபில்டர் கெபாசிட்டரின் நேர்முனையை அளந்து பாருங்கள். 10 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் 10 கிலோ ஓம், 5 வாட் ரெசிஸ்டர் ஒன்றை இன்சுலேஷன் உள்ள கிளிப் வயரில் கட்டி, அதன் வழியே சேஸிஸுக்கு வடித்துவிடுங்கள். ஸ்க்ரூடிரைவரால் நேராக ஷார்ட் செய்யும் பழைய வழக்கம் வேண்டாம். பொறி பறக்கும், கெபாசிட்டரும் கெடும். வடித்த பிறகு இன்னொரு முறை அளந்து, பூஜ்யத்துக்குப் பக்கத்தில் வந்ததைப் பார்த்த பின்பே உள்ளே கை வையுங்கள்.

முதல் கெபாசிட்டருக்குக் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்துவிடுவது என் வழக்கம். பிளக்கைப் பிடுங்கிய அரை நிமிடத்தில் அது பெரும்பாலான மின்சாரத்தை வடித்துவிடும். அசல் வரைபடத்தில் இது கிடையாது. அப்படியே கட்டுங்கள் என்ற என் விதிக்கு நான் வைத்திருக்கும் சில விலக்குகளில் ஒன்று இது. ஆனாலும் அளக்காமல் தொடுவதற்கு இது அனுமதி இல்லை.

மின்சாரம் ஓடும்போது அளக்க வேண்டி வந்தால் ஒரு கை மட்டும் வேலை செய்யட்டும், மற்ற கை சட்டைப் பையில் இருக்கட்டும். மின்சாரம் ஒரு கையில் நுழைந்து மறு கையில் வெளியேறினால் வழியில் இதயம் இருக்கிறது. மோதிரம், கடிகாரம் கழற்றிவிடுங்கள். வீட்டில் இன்னொருவர் இருக்கும்போது செய்யுங்கள்.

கருவிகளும் பாகங்களைச் சரிபார்ப்பதும்

50 அல்லது 60 வாட் அளவில், வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கக்கூடிய சால்டரிங் அயர்ன் வேண்டும். ரோசின் உள்ள 60/40 அல்லது 63/37 (தகரம்/ஈயம் விகிதம்) சால்டர் ஈயம் சுலபமாக உருகி ஒட்டும். 600 வோல்ட்டுக்கு மேல் நேர்மின்சாரம் அளக்கும் மல்டிமீட்டர், நல்ல தரத்தில். இவற்றோடு ஒரு மூங்கில் குச்சி. சிரிக்காதீர்கள், ஓடும் ஆம்ப்பில் கம்பிகளைத் தள்ளிப் பார்க்க அதைவிட நல்ல கருவி கிடையாது.

இன்னொன்று சீரிஸ் போர்டு. எலக்ட்ரீஷியன்கள் வைத்திருப்பார்களே, அதேதான்: லைவ் கம்பியின் நடுவே ஒரு குண்டு பல்பைத் தொடராக இணைத்த பலகை. 5எஃப்1-க்கு 40 முதல் 60 வாட் பல்பு போதும். எல்இடி பல்பு இதற்கு உதவாது. இழை சூடாகும்போது அதன் தடை ஏறுவதுதான் இங்கே நமக்குப் பாதுகாப்பு. உள்ளே எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு எரியும், டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும்.

கிட் வந்ததும் ஒவ்வொரு ரெசிஸ்டரையும் மீட்டரில் அளந்து, சின்னக் காகிதத்தில் மதிப்பை எழுதி ஒட்டி வையுங்கள். நிறப்பட்டையை மட்டும் நம்பினால் மஞ்சள் விளக்கொளியில் ஆரஞ்சும் சிவப்பும் ஒன்றாகத் தெரியும். 22 கிலோ ஓம் சிவப்பு-சிவப்பு-ஆரஞ்சு, 220 கிலோ ஓம் சிவப்பு-சிவப்பு-மஞ்சள். இவை இடம் மாறினால் ஆம்ப் ஓடும், ஆனால் ஓடக்கூடாத விதத்தில் ஓடும். அந்தப் பிழையைப் பிறகு தேடிக் கண்டுபிடிக்க ஒரு நாள் போகும், இப்போது அளக்க இருபது நிமிடம்தான்.

வரைபடத்தையும் லேஅவுட் படத்தையும் பெரிதாக அச்செடுத்து மேசையில் வையுங்கள். ஒரு கம்பி முடிந்ததும் படத்தில் அதன் மேல் கலர் பேனாவால் கோடு போடுங்கள். கோடு போடாத கம்பி எதுவும் மிஞ்சவில்லை என்றால்தான் வேலை முடிந்தது.

போர்டு

இது சுலபமான பகுதி. உயரம் குறைந்த ரெசிஸ்டர்களை முதலில் வையுங்கள், கெபாசிட்டர்கள் அப்புறம். ஐலெட்டையும் (போர்டில் உள்ள உலோகத் துளை) பாகத்தின் காலையும் சேர்த்துச் சூடாக்குங்கள். சூடான உலோகத்தின் மேல் ஈயத்தை வைத்தால் அது தானாக ஓடிப் பரவ வேண்டும். அயர்ன் முனையில் ஈயத்தை உருக்கிச் சொட்ட விட்டால் மேலே பளபளப்பாகத் தெரியும், அடியில் பிடித்திருக்காது. ஒரு வருடம் கழித்துக் கரகர சத்தமாக அது திரும்பி வரும்.

எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்களுக்குத் திசை உண்டு. நேர்முனை, எதிர்முனை மாறினால் வெடிக்கும். ஃபில்டர் கெபாசிட்டர்கள் மூன்றும் 6வி6-இன் கேத்தோடில் (வால்வில் எலக்ட்ரான் புறப்படும் முனை) வரும் 25 மைக்ரோஃபாரடும்தான் திசை பார்க்க வேண்டியவை. நான்கையும் இரண்டு முறை பாருங்கள். பெரிய வாட் ரெசிஸ்டர்களைப் போர்டிலிருந்து இரண்டு மூன்று மில்லிமீட்டர் தூக்கி வையுங்கள், காற்று ஓடட்டும்.

சேஸிஸ்: ஆம்ப்பின் அமைதி இங்கேதான் தீர்மானமாகிறது

சால்டரிங் நன்றாக வரவேண்டும் என்று எல்லோரும் கவலைப்படுகிறார்கள். எந்தக் கம்பி எந்தப் பாதையில் போக வேண்டும் என்று கவலைப்படுபவர்கள் குறைவு. ஒரே கிட்டை இரண்டு பேர் கட்டி, ஒன்று அமைதியாகவும் இன்னொன்று இரைச்சலோடும் ஓடினால் காரணம் பெரும்பாலும் கம்பிப் பாதைதான்.

டிரான்ஸ்ஃபார்மர்கள், சாக்கெட்டுகள், குமிழ், ஜாக் எல்லாம் பொருத்திய பிறகு மெயின்ஸ் கம்பியில் தொடங்குங்கள். மூன்று கோர் கம்பி கட்டாயம். பச்சை-மஞ்சள் எர்த் கம்பிக்கு டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டைப் பங்கு போடாதீர்கள், தனி போல்ட் வையுங்கள். அந்த இடத்தில் பெயின்ட்டைச் சுரண்டி, பல் உள்ள வாஷர் போட்டு இறுக்குங்கள். எர்த் கம்பியை மற்ற இரண்டைவிடச் சற்று நீளமாக விடுங்கள். யாராவது கம்பியைப் பிடித்து இழுத்தால் கடைசியாக அறுவது அதுவாக இருக்க வேண்டும். லைவ் முதலில் ஃப்யூஸுக்கு, பிறகு சுவிட்சுக்கு. பழைய அசல் ஆம்ப்புகளில் மெயின்ஸுக்கும் சேஸிஸுக்கும் நடுவே ஒரு கெபாசிட்டர் இருக்கும். இரண்டு முள் பிளக் காலத்து ஏற்பாடு அது. அது ஷார்ட் ஆனால் கிட்டார் தந்தியே லைவ் ஆகிவிடும். வரைபடம் பழையதாக இருந்து அதில் அது தெரிந்தால் விட்டுவிடுங்கள்.

அடுத்தது ஹீட்டர் கம்பிகள். இரண்டு கம்பிகளையும் இறுக்கமாக முறுக்கி, சேஸிஸின் மூலையோடு ஒட்டிக் கொண்டுபோங்கள். முறுக்கும்போது ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அழித்துவிடும். 6வி6-இல் 2, 7 ஆகிய பின்கள் (வால்வின் கால்கள்). 12ஏஎக்ஸ்7-இல் 4-ஐயும் 5-ஐயும் சேர்த்து ஒரு முனை, 9 மறுமுனை. அசல் 5எஃப்1-இல் ஹீட்டரின் ஒரு பக்கம் நேராகச் சேஸிஸில் இணைந்திருக்கும். அதைவிட நல்லது, இரண்டு பக்கத்திலிருந்தும் ஆளுக்கொரு 100 ஓம் ரெசிஸ்டர் வழியாக எர்த்துக்குப் போவது. உங்கள் டிரான்ஸ்ஃபார்மரின் 6.3 வோல்ட் சுற்றில் நடுமுனை இருந்தால் அதை எர்த் செய்தால் போதும், 100 ஓம் ரெசிஸ்டர்கள் வேண்டாம்.

5ஒய்3-இன் 5 வோல்ட் சுற்றைத் தனியாகப் பாருங்கள். 2, 8 பின்களில் வரும் அந்த இழையே கேத்தோடும் என்பதால் அங்கே முழு உயர் மின்னழுத்தமும் இருக்கும். ஐந்து வோல்ட்தானே என்று நினைத்து அதைத் தொட்டுவிடக் கூடாது.

இனி கிரவுண்ட். என் முதல் ஆம்ப்பில் வால்யூமைக் குறைத்தாலும் கூட்டினாலும் மாறாத ஒரு ஹம் (தாழ்ந்த முனகல்) இருந்தது. வால்வு மாற்றினேன், கெபாசிட்டர் மாற்றினேன், போகவில்லை. ஃபில்டர் கெபாசிட்டரின் எதிர்முனையை இன்புட் ஜாக் கிரவுண்டோடு ஒரே கம்பியில் இணைத்திருந்தேன் என்பது வெகு நாள் கழித்துத்தான் புரிந்தது. பவர் பகுதியின் அலைமோதும் மின்னோட்டம் அத்தனையும் மெல்லிய கிட்டார் சிக்னலின் பாதை வழியே நடந்துகொண்டிருந்தது. அந்த ஒரு கம்பியை இடம் மாற்றியதும் அறை அமைதியானது. அன்றிலிருந்து நான் மாற்றாத விதி: உயர் மின்னழுத்தச் சுற்றின் நடுமுனை, முதல் ஃபில்டர் கெபாசிட்டர், 6வி6 கேத்தோடு, ஸ்பீக்கர் கிரவுண்ட் எல்லாம் பவர் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் ஒரே இடத்தில். பிரீஆம்ப்பின் கிரவுண்டுகளும் அதற்கான கடைசி ஃபில்டர் கெபாசிட்டரும் இன்புட் ஜாக் பக்கம் இன்னொரு இடத்தில்.

சிக்னல் கம்பிகளில் கிரிட்டுக்கு (வால்வில் சிக்னல் நுழையும் முனை) போவதுதான் மிக மென்மையானது. அதைக் குட்டையாக வெட்டுங்கள். பிளேட் (பெருகிய சிக்னல் வெளிவரும் முனை) கம்பியோடு இணையாக ஓட விடாதீர்கள். குறுக்கிட்டால் செங்குத்தாகக் குறுக்கிடட்டும். 68 கிலோ ஓம் இன்புட் ரெசிஸ்டர்களை ஜாக்கிலேயே நேரடியாக வைத்தால் ஒரு கம்பி மிச்சம், வெளி இரைச்சல் நுழைய ஒரு வழி குறைவு.

முதல் முறை மின்சாரம்

வால்வு எதையும் செருகாமல், சீரிஸ் போர்டு வழியாகத் தொடங்குங்கள். பல்பு ஒரு நொடி மினுங்கி அணைந்துவிட வேண்டும். தொடர்ந்து பிரகாசமாக எரிந்தால் உடனே பிடுங்கிவிட்டு ஷார்ட்டைத் தேடுங்கள். பல்பு அமைதியாக இருந்தால் மாறுமின்சார அளவுகளை எடுங்கள்: ஹீட்டரில் 6.3-க்குச் சற்று மேல், 5ஒய்3-இன் 2, 8 பின்களுக்கு நடுவே 5-க்குச் சற்று மேல், 4, 6 பின்கள் ஒவ்வொன்றிலிருந்தும் சேஸிஸுக்குக் கிட்டில் சொன்ன உயர் மின்னழுத்தம், பெரும்பாலும் 300-க்கும் 330-க்கும் நடுவே. அந்த இரண்டு அளவும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும்.

அணைத்து, வடித்து, அளந்து பார்த்த பிறகு மூன்று வால்வுகளையும் செருகுங்கள். ஸ்பீக்கரை இணைக்காமல் ஓட்டவே கூடாது. சுமை இல்லாத அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மருக்குள் மின்னழுத்தம் கண்டபடி எகிறி அதன் இன்சுலேஷனைத் துளைத்துவிடும். ஸ்பீக்கரைப் பணயம் வைக்க மனமில்லை என்றால் அதே ஓம் அளவில் 25 வாட் ஒயர்வவுண்ட் ரெசிஸ்டர் ஒன்றை அதன் இடத்தில் வைக்கலாம்.

ரெக்டிஃபையரை மட்டும் செருகிச் சோதிக்க வேண்டாம் என்பேன். 325 வோல்ட் மாறுமின்சாரத்தின் உச்சம் 460 வோல்ட். இழுக்க வால்வு இல்லாதபோது கெபாசிட்டர்கள் அந்த உச்சத்தை நோக்கி ஏறும். 5ஒய்3 சில நொடியில் சூடாகிவிடும், 6வி6-க்கு அதைவிட அதிக நேரம் வேண்டும். அதனால் ஒவ்வொரு முறை ஆன் செய்யும்போதும் கெபாசிட்டர்கள் கொஞ்ச நேரம் இந்த ஏற்றத்தைத் தாங்கித்தான் ஆக வேண்டும். 450-க்குப் பதில் 500 வோல்ட் ஃபில்டர் கெபாசிட்டர் உள்ள கிட்டை நான் விரும்புவதற்கு இதுதான் காரணம்.

சீரிஸ் போர்டில் வால்வுகள் மங்கலாக ஒளிர்ந்து, புகையோ வாடையோ இல்லாமல் ஐந்து நிமிடம் ஓடினால், நேரடி மின்சாரத்துக்கு மாறலாம். 6வி6-இன் பிளேட் உலோகம் சிவந்தால் உடனே அணையுங்கள். இழை ஆரஞ்சாக ஒளிர்வது இயல்பு, பிளேட் சிவப்பது ஆபத்து.

அளவுகளைப் படிப்பது

சேஸிஸிலிருந்து நேர்மின்சாரம் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். 6வி6-இல் பின் 3 பிளேட், 4 ஸ்கிரீன் (இரண்டாவது கிரிட்), 5 கிரிட், 8 கேத்தோடு. பிளேட்டில் 320 முதல் 350, ஸ்கிரீனில் அதைவிட 30, 40 குறைவு, கேத்தோடில் 17 முதல் 21 வரை வந்தால் நல்ல நிலை. கிரிட்டில் பூஜ்யம் இருக்க வேண்டும். அங்கே ஒரு வோல்ட் தெரிந்தாலும் அதற்கு முந்தைய கெபாசிட்டர் கசிகிறது, அல்லது வால்வு சரியில்லை.

12ஏஎக்ஸ்7-இல் 1-உம் 6-உம் பிளேட்டுகள், 3-உம் 8-உம் கேத்தோடுகள். கேத்தோடில் 1.5 வோல்ட் என்றால் 1.5 கிலோ ஓம் வழியாக 1 மில்லி ஆம்பியர் ஓடுகிறது. அதே 1 மில்லி ஆம்பியர் மேலே உள்ள 100 கிலோ ஓமில் 100 வோல்ட்டை இறக்கும். அப்படியானால் சப்ளை 250 இருக்கும் இடத்தில் பிளேட் 150 காட்ட வேண்டும். இந்தக் கணக்கு கைவந்துவிட்டால் எந்த வரைபடத்தையும் மீட்டரோடு ஒப்பிட்டுப் படிக்கலாம்.

இப்போது 6வி6 எவ்வளவு உழைக்கிறது என்று பார்ப்போம். பிளேட் 340, கேத்தோடு 19, கேத்தோடு ரெசிஸ்டர் 470 ஓம் என்று வைத்துக்கொள்வோம். 19-ஐ 470-ஆல் வகுத்தால் 40 மில்லி ஆம்பியர். அதில் 2, 3 மில்லி ஆம்பியர் ஸ்கிரீனுக்குப் போகும், மீதி 38. பிளேட்டுக்கும் கேத்தோடுக்கும் நடுவே 321 வோல்ட். பெருக்கினால் 12.2 வாட். பழைய 6வி6ஜிடி-யின் எல்லை 12 வாட், 6வி6ஜிடிஏ-வுக்கு 14. ஆக, எல்லைக் கோட்டின் மேலேயே ஓடுகிறது. ஃபெண்டரும் அப்படித்தான் ஓட்டினார்கள். ஆர்சிஏ தரவுத்தாள் 6வி6ஜிடி-யின் பிளேட்டுக்குச் சொன்ன உச்சம் 315 வோல்ட்தான். உங்கள் கணக்கு 14-ஐத் தாண்டினால் 470-ஐ எடுத்துவிட்டு 560 ஓம் வைத்து மறுபடி அளங்கள். தொனியில் பெரிய நஷ்டம் இல்லை, வால்வு நீண்ட நாள் வாழும்.

சத்தம் வந்தது, கூடவே வேறு சத்தமும் வந்தால்

ஆன் செய்ததும் காதைக் கிழிக்கும் ஊளை வந்தால் பயப்பட வேண்டாம். 5எஃப்1-இல் ஸ்பீக்கரிலிருந்து 22 கிலோ ஓம் வழியாக இரண்டாவது நிலையின் (12ஏஎக்ஸ்7-இன் இரண்டாவது பாதி) கேத்தோடுக்குச் சிக்னலில் ஒரு பங்கு திரும்புகிறது. இந்த எதிர்ப் பின்னூட்டம் தலைகீழாக இணைந்துவிட்டால் ஆம்ப் தன்னைத்தானே தூண்டிக்கொண்டு கத்தும். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் ஸ்பீக்கர் பக்க இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றினால் தீர்ந்தது.

ஹம் என்றால் சுருதியைக் கவனியுங்கள். மெயின்ஸ் 50 ஹெர்ட்ஸ் உள்ள நாட்டில் 50 ஹெர்ட்ஸ் தாழ்ந்த முனகல் ஹீட்டரிலிருந்தோ கிரவுண்டிலிருந்தோ வரும். 100 ஹெர்ட்ஸ், அதாவது ஒரு ஸ்தாயி மேலே, சற்று ரம்பம் அறுப்பது போன்ற குரல் என்றால் ஃபில்டர் கெபாசிட்டர் பக்கம் பாருங்கள். வால்யூமைப் பூஜ்யத்தில் வைத்தும் இருந்தால் கோளாறு வால்யூமுக்குப் பின்னால் இருக்கிறது. அணைத்து 12ஏஎக்ஸ்7-ஐக் கழற்றியபின் ஆன் செய்து, அப்போதும் இருந்தால் பவர் பகுதியில். ஒற்றை 6வி6 ஆம்ப்பில் லேசான ஹம் இருக்கவே செய்யும். புஷ்-புல் அமைப்பில் இரண்டு பக்கமும் அதை ஒன்றோடொன்று கழித்துவிடும், இங்கே கழிக்க ஆள் இல்லை.

கரகரப்பு, அவ்வப்போது மறையும் சத்தம் இவற்றுக்கு மூங்கில் குச்சி. ஓடும் ஆம்ப்பில் ஒவ்வொரு இணைப்பையும் மெல்லத் தட்டுங்கள், எங்கே தட்டும்போது சத்தம் மாறுகிறதோ அங்கே மறுபடி ஈயம் வையுங்கள். வால்வைத் தட்டும்போது மணி அடிப்பதுபோல் ஒலித்தால் அந்த வால்வை மாற்றிவிடுங்கள்.

தொனியைச் சீராக்குவது

அளவுகள் சரி, ஆம்ப் அமைதி. இரண்டு வாரம் அப்படியே வாசியுங்கள். புதிய ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு தளர்ந்து குரல் மென்மையாகும். எது உண்மையிலேயே உறுத்துகிறது என்றும் அதற்குள் தெரிந்துவிடும். பிறகு ஒரு நேரத்தில் ஒரே மாற்றம். அதே கிட்டார், அதே வால்யூம், முன்னும் பின்னும் ஒலிப்பதிவு. சற்றுச் சத்தம் கூடினாலே "நன்றாக இருக்கிறது" என்று காது ஏமாந்துவிடும், ஆகவே ஒப்பிடும்போது சத்தத்தைச் சமன் செய்துகொள்ளுங்கள்.

ஸ்பீக்கரில் தொடங்குங்கள், ஏனென்றால் மற்ற எல்லாவற்றையும்விட அது அதிகம் மாற்றும். 8 அங்குல ஸ்பீக்கரில் பெட்டிக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்கும் அதே ஆம்ப், 12 அங்குலப் பெட்டியில் இணைத்தால் மார்பை நிறைக்கும். சென்சிடிவிட்டி எண்ணைப் பாருங்கள்: 3 டெசிபல் கூடுதல் என்றால் வாட்டை இரட்டிப்பாக்கிய பலன். ஓம் அளவு அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரோடு பொருந்த வேண்டும்.

அடுத்து என் விருப்பமான இடம், முதல் நிலையின் கேத்தோடு. அசல் 5எஃப்1-இல் அந்த 1.5 கிலோ ஓமுக்குக் குறுக்கே கெபாசிட்டர் கிடையாது. 25 மைக்ரோஃபாரட் ஒன்று வைத்தால் அந்த நிலையின் பெருக்கம் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆம்ப்பின் ஒலி சீக்கிரம் உடையும் (டிஸ்டார்ட் ஆகும்), தாழ்ந்த சுரங்கள் தடிக்கும். மதிப்பைக் குறைக்கக் குறைக்க அந்த ஏற்றம் மேல் சுருதிகளுக்கு மட்டுமே கிடைக்கும். வால்வின் உள்தடையையும் சேர்த்துக் கணக்கிட்டால், ஏற்றம் தொடங்கும் திருப்பம் 25 மைக்ரோஃபாரட்டில் 8 ஹெர்ட்ஸ் பக்கம், 2.2-இல் 93, 0.68-இல் 300. கிட்டாரின் தாழ்ந்த ஈ தந்தி 82 ஹெர்ட்ஸ். ஆகவே 25 எல்லாவற்றையும் தூக்கும், 2.2 அடித்தந்தியைச் சற்று விட்டுவிடும், 0.68 நடுவையும் மேலையும் மட்டும் முன்னே தள்ளும். ஹம்பக்கர் (இரட்டைச் சுருள் பிக்கப்) கிட்டாருக்கு 1 அல்லது 0.68, ஒற்றைச் சுருள் பிக்கப்புக்கு 4.7-க்கு மேல் என்பது என் காதின் தீர்ப்பு. 0.68, 2.2, 25 மூன்றையும் வாங்கி வைத்து, ஒவ்வொரு முறையும் அணைத்து வடித்து, கிளிப் வயரில் மாற்றி மாற்றிக் கேளுங்கள். ஒரு மாலைப் பொழுது இதற்கே போகும். போகட்டும், ஆம்ப் எப்படிச் சிந்திக்கிறது என்று இங்கே புரிவதுபோல் வேறு எங்கும் புரியாது.

முழுக்கத் திறக்கும்போது தாழ்ந்த சுரங்கள் குழைந்து போனால், 6வி6-க்கு முந்தைய, சிக்னலைக் கடத்தும் கப்ளிங் கெபாசிட்டரின் மதிப்பைக் குறையுங்கள். 0.022 மைக்ரோஃபாரட் 30 ஹெர்ட்ஸுக்கும் கீழே வரை விடும், 0.01 சுமார் 60 ஹெர்ட்ஸில் தாழ்ந்த சுரங்களைக் குறைக்கத் தொடங்கும், 0.0047 சுமார் 130-இல். 0.01 பெரும்பாலும் போதும். இங்கே 600 வோல்ட் தாங்கும் கெபாசிட்டர் மட்டுமே.

பின்னூட்ட ரெசிஸ்டரின் ஒரு முனையைக் கழற்றிப் பாருங்கள். சத்தம் கூடும், உடைசல் முரடாகும், பிக் படும் முதல் நொடி இன்னும் துடிப்பாகும். இரண்டுமே பிடித்திருந்தால் ஒரு சின்ன சுவிட்ச் போட்டுவிடலாம். 22-க்குப் பதில் 47 கிலோ ஓம் நடுவழி.

பிரீஆம்ப் வால்வை மாற்றுவதற்குச் சால்டரே வேண்டாம். 12ஏஎக்ஸ்7-இன் பெருக்க எண் 100, 5751-க்கு 70, 12ஏடி7-க்கு 60, 12ஏஒய்7-க்கு 44. எல்லாம் அதே சாக்கெட்டில் உட்காரும். சுத்தமான ஒலி இன்னும் கொஞ்சம் வேண்டும் என்றால் 5751 அல்லது 12ஏஒய்7. 5இ3-இல் ஃபெண்டர் முதல் வால்வாக வைத்ததும் 12ஏஒய்7-தான்.

ரெக்டிஃபையரில் மட்டும் கவனம். 5ஒய்3-க்குப் பதில் ஜிஇசட்34 செருகினால் மின்னழுத்தம் நாற்பது ஐம்பது வோல்ட் ஏறும். ஆம்ப் இறுக்கமாகும், ஆனால் ஏற்கெனவே எல்லையில் இருக்கும் 6வி6 எல்லை தாண்டும். அந்த வாட் கணக்கை மறுபடி போடாமல் மாற்றாதீர்கள். கடுமையாக வாசிக்கும்போது 5ஒய்3 கொஞ்சம் தளர்ந்து மூச்சு வாங்குவதும் இந்த ஆம்ப்பின் குணத்தில் ஒரு பங்கு, நான் அதை விடமாட்டேன். ஃபில்டர் கெபாசிட்டரைப் பெரிதாக்கினால் ஹம் குறையும் என்று முதல் கெபாசிட்டரில் 47, 100 என்று போவதும் தவறு. ஜிஇசட்34 60 மைக்ரோஃபாரட் வரை தாங்கும், 5ஒய்3-ஐ 16 முதல் 22-க்குள் வையுங்கள். ஹம்மைக் குறைக்க வேண்டுமானால் இரண்டாவது கெபாசிட்டரை 8-லிருந்து 22 ஆக்குங்கள், ரெக்டிஃபையர் மேல் பாரம் விழாது.

எல்லாம் முடிந்து பெட்டிக்குள் மாட்டும் முன் கடைசியாக ஒரு முறை எல்லா வோல்ட்டேஜையும் அளந்து, தேதி, மாற்றிய பாகங்களின் மதிப்பு, எந்த வால்வு எங்கே என்று ஒரு தாளில் எழுதிப் பெட்டியின் உட்புறம் ஒட்டுங்கள். ஃபெண்டர் தொழிற்சாலையும் வால்வு அட்டவணையை அங்கேதான் ஒட்டியது. ஒரு மாதம் வாசித்த பிறகு ஸ்பீக்கர், டிரான்ஸ்ஃபார்மர் போல்ட்டுகளை இன்னொரு முறை முறுக்கிவிடுங்கள், அதிர்வில் தளர்ந்திருக்கும். அந்தச் சாக்கில் கேத்தோடு வோல்ட்டேஜையும் அளந்து, தாளில் முதல் எண்ணுக்குப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.